ஒரே கை எழுதிய இரண்டு ஒப்பாரிகள்: இலங்கைக் கத்தோலிக்க ஆயர் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

பேரன்புக்குரிய ஆண்டகையர்களுக்கு,

தோத்திரம்.

நான் மன்னாரில் பிறந்தவள். முப்பத்தொரு வருடம் படிப்பித்துவிட்டு ஓய்வுபெற்றவள். கல்யாணம் முடித்து நீர்கொழும்புப் பக்கம் வந்த முதல் தவக்காலத்தில், ஒரு பின்னேரம், கோயில் ஒலிபெருக்கியிலிருந்து ஒரு குரல் இழுத்து இழுத்து அழுதுகொண்டிருந்தது. குசினிக்குள் நின்ற நான் அகப்பையை வைத்துவிட்டு முற்றத்துக்கு ஓடிவந்தேன். எங்கள் ஊரில் பெரிய வெள்ளிக்கு முன் அம்மா படிக்கும் வியாகுலப் பிரசங்கம் என்றே நினைத்தேன். காதைக் கொடுத்துக் கேட்டால் சொல் எல்லாம் சிங்களம். மெட்டும் வேறுதான். ஆனால் அழுகிற விதம் ஒன்று. மாமியார் சிரித்தார். "அது பசன் பிள்ளை. எங்கட ஆக்கள் நெடுகப் படிக்கிறது" என்றார்.

இரண்டையும் எழுதியது ஒரே கை என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. கோவையிலிருந்து, இந்தியாவின் கோவா ஊரைச் சொல்கிறேன், வந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார். 1742இல் இறந்து போலவத்தையில் அடங்கியிருக்கிறார். தாய்மொழி கொங்கணி. ஒல்லாந்தர் காலத்தில், பூசை வைத்தால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற காலத்தில், இந்தத் தீவுக்கு வந்து இரண்டு மொழியையும் படித்து, இயேசுவின் பாடுகளை நினைத்து அழுவதற்கு சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என்று எழுதிவைத்துப் போனார். அவருக்கு முன்னால் 1687இல் யாழ்ப்பாணத்தில் கரையேறிய யோசேவ் வாஸ் முனிவரும் அப்படித்தான். சில்லாலையில் ஒளிந்திருந்து தமிழர்களிடையே பணிசெய்தார். கண்டிக்குப் போய், ஒற்றன் என்று சிறையில் கிடந்து, சிங்களம் படித்துச் சிங்களவர்களிடையே பணிசெய்து, 1711இல் அங்கேயே இறந்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். அன்று பிற்பகலே மடுவுக்கும் பறந்துவந்தார். நானும் மடுவில் வெயிலில் நின்றேன்.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன்? நீங்கள் அறியாததல்ல. ஆனால் எங்கள் திருச்சபைக்கு அழச் சொல்லிக்கொடுத்தவர்கள் இரண்டு மொழியிலும் அழத் தெரிந்தவர்கள். அவர்களுக்குப் பிறகு நாங்கள் தனித்தனியாக அழப் பழகிவிட்டோம். இந்த மடல் அதைப் பற்றியது.

இந்த நாட்டில் பௌத்தர் என்றால் அநேகமாகச் சிங்களவர். சைவர் என்றால் தமிழர். இரண்டு இனத்தாரும் கணிசமாக ஒரே பீடத்தின் முன் முழந்தாளிடுவது கிறிஸ்தவத்தில் மட்டும்தான். 2012 குடிசன மதிப்பீட்டில் கத்தோலிக்கர் நூற்றுக்கு ஆறு பேர் சொச்சம். மற்றக் கிறிஸ்தவர்களையும் சேர்த்தால் ஏழரை. சின்னத் தொகைதான். ஆனால் பெர்னாண்டோ என்ற பெயரை வைத்து ஆள் சிங்களமா தமிழா என்று யாராலும் சொல்ல முடியாத ஒரே இடம் எங்கள் ஞானஸ்நானப் பதிவேடு. என் கணவருடைய அப்பாச்சி தமிழில் செபமாலை சொன்னவர். பிள்ளைகளைப் போட்ட கத்தோலிக்கப் பாடசாலையில் படிப்பு சிங்களத்துக்கு மாறியது. பேரப்பிள்ளைகள் சிங்களவர் ஆனார்கள். நீர்கொழும்புக் களப்பில் வலை வீசும் கிழவர்கள் இன்றைக்கும் தங்களுக்குள் ஒரு தமிழ் பேசுகிறார்கள், பேரன் வந்தால் சிங்களத்துக்கு மாறிவிடுவார்கள். யாரும் துவக்கைக் காட்டி மாற்றவில்லை. கரும்பலகையும் பூசைப் புத்தகமும் போதுமாக இருந்தன. நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, என் பிள்ளைகளும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். ஆனால் "ஒற்றுமை" என்ற சொல்லைக் கேட்கும்போது எங்களில் சிலருக்கு ஏன் வயிறு பிசைகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் பக்கத்துப் பங்கு ஒன்றில் தமிழ்ப் பூசை முதலில் ஞாயிறு காலையில் இருந்தது. பிறகு பின்னேரத்துக்குப் போனது. பிறகு மாதத்தில் இரண்டாம் ஞாயிறு மட்டும் என்றானது. கேட்டதற்குப் பங்குச் சபையில் ஒருவர் சொன்னார்: "எல்லாருக்கும் சிங்களம் விளங்கும்தானே டீச்சர்." விளங்கும். கணக்கு, கச்சேரி அலுவல், சந்தை எல்லாம் சிங்களத்தில் எனக்கு விளங்கும். பாவசங்கீர்த்தனம் மட்டும் தமிழில்தான் வரும்.

வருடத்துக்கு ஒருமுறை இருமொழிப் பூசை வைக்கிறீர்கள். முதல் வாசகம் சிங்களம், இரண்டாவது தமிழ், மன்றாட்டில் ஒன்று தமிழ், காணிக்கைப் பாட்டில் ஒரு சரணம் தமிழ். பாடற்குழுப் பிள்ளைகள் அந்தத் தமிழைச் சிங்கள எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவார்கள். அது எனக்குப் பிடிக்கும். அந்தப் பிள்ளைகளின் உச்சரிப்பைக் கேட்டுக் கண் கலங்கியிருக்கிறேன். அதற்காக நன்றி. ஆனால் ஆண்டகையரே, பாட்டில் ஒரு சரணம் தருவது சுலபம். துக்கத்தில் ஒரு பங்கு தருவதுதான் கஷ்டம்.

என் தம்பி வன்னியில் இருந்தவன். போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு அவனைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லை. அடுத்த வருடம் அவனுடைய நினைவுக்குப் பூசைக்கருத்துக் கொடுக்க ஒரு கோயில் அலுவலகத்துக்குப் போனேன். பெயரும் "முள்ளிவாய்க்கால்" என்ற ஊரும் எழுதிக் கொடுத்தேன். இருந்தவர் நல்ல மனிசன், கடுமையாகப் பேசவில்லை. துண்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "மரித்த அனைத்து ஆத்துமாக்களுக்காகவும் என்று போடுவமா?" என்றார். நான் தலையாட்டினேன். தொடர்ந்து ஒன்பது வருடம் என் தம்பி மரித்த அனைத்து ஆத்துமாக்களில் ஒருவனாகவே இருந்தான்.

2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பில் சீயோன் தேவாலயம். தற்கொலைக் குண்டுகள். கொழும்பு ஹோட்டல்களையும் சேர்த்து இருநூற்று அறுபதுக்கு மேல் உயிர். சிங்களவர், தமிழர், வெளிநாட்டார். சீயோனில் ஞாயிறு பள்ளி முடித்து வாசலில் நின்ற பிள்ளைகள். அந்தக் கிழமை எங்கள் ஒழுங்கையில் வெள்ளைக்கொடி கட்டாத வீடு இல்லை. எனக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்கா ஒருவர், சிங்களவர், கட்டுவப்பிட்டியில் தன் அக்காவின் மகளைப் பறிகொடுத்தார். செத்தவீட்டுக்குப் போய் அவர் பக்கத்தில் இருந்தேன். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, வீட்டில் ஆட்கள் குறைந்த நேரம், என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "உங்கட தம்பிட பெயர் என்ன?"

பதினைந்து வருடமாகப் பக்கத்தில் இருந்தவர். எனக்கொரு தம்பி இருந்தான் என்பதும் அவருக்குத் தெரியும். பெயரைக் கேட்டது அன்றைக்குத்தான்.

அடுத்து நடந்ததை நீங்கள் என்னைவிட அறிவீர்கள். உண்மை வேண்டும் என்று தென்னிலங்கைத் திருச்சபை தெருவுக்கு இறங்கியது. விசாரணைக்குழுவின் அறிக்கை போதாது என்றது. கறுப்புக்கொடி கட்டியது. உள்நாட்டில் நீதி கிடைக்காது என்று கண்டு, 2022 மார்ச்சில் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை ஜெனீவாவுக்கே போய் மனித உரிமைகள் பேரவையில் பேசினார். நான் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அவர் பேசிய ஒவ்வொரு வசனமும் எங்கள் தாய்மார் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் தெருவோரக் கொட்டில்களில் இருந்து வருடக்கணக்காகச் சொல்லிவருவது. பத்து வருடத்துக்கு முன் 2012இல், போர்க்கால விடயங்கள் பற்றி அதே ஜெனீவாவில் ஒரு தீர்மானம் வந்தபோது, அது நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடுவது என்று அதே ஆண்டகை எதிர்த்திருந்தார். இதைச் சொல்லிக்காட்டுவது அவரைக் குத்துவதற்காக அல்ல. மனிதர் தன் வீட்டில் சாவு விழும்போதுதான் அடுத்த வீட்டுச் சாவின் பாரத்தை அறிகிறார். நானும் அப்படித்தான். ஆனால் அறிந்த பிறகு என்ன செய்கிறோம் என்று கேட்க உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை அரசு வைத்த ஆணைக்குழுவின் முன் போய் ஒரு கணக்கை வைத்தார். அரச அலுவலகங்களின் பதிவுப்படி 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தோர் 429,059. போர் முடிந்து அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தோர் 282,380. மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது? இவ்வளவுதான் கேட்டார். கொன்றீர்கள் என்று சொல்லவில்லை. ஒரு மேய்ப்பன் மந்தையை எண்ணிப் பார்த்து, குறைகிறதே என்றான். 2021 ஏப்ரல் 1ஆம் திகதி, பெரிய வியாழனன்று, அவர் கண்மூடினார். அதுவரை அந்தக் கணக்கு மன்னார் ஆயரின் கணக்காகவே இருந்தது. பன்னிரண்டு மறைமாவட்டங்களின் கணக்காகவில்லை.

குருக்களையாவது நினைக்கலாம் அல்லவா? வங்காலையில் 1985 ஜனவரி 6இல், மூவிராசாக்கள் திருநாளன்று, சுட்டுக் கொல்லப்பட்ட மேரி பஸ்தியான் சுவாமி. 1988இல் மட்டக்களப்பில் கொல்லப்பட்ட சந்திரா பெர்னாண்டோ சுவாமி. 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டிக்குப் போன வழியில் காணாமற்போன ஜிம் பிறவுண் சுவாமி. 2009 மே 18இல் வட்டுவாகலில், சரணடைந்தவர்களோடு பஸ்ஸில் ஏறிய பிறகு யாரும் காணாத பிரான்சிஸ் யோசேப்பு சுவாமி. நீர்கொழும்பில் என் மாணவர்களிடம் கேட்டால் இதில் ஒரு பெயரும் தெரியாது. சரி, 1987 நவம்பரில் மொனராகலை மாவட்டத்துப் புத்தளயில், பௌத்த விவசாயிகளோடு வாழ்ந்து, பூசை வைக்கையிலேயே சுடப்பட்ட மைக்கேல் ரொட்ரிகோ சுவாமியின் பெயர் யாழ்ப்பாணத்தில் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? அதுவும் தெரியாது.

எங்கள் பக்கத்துக் கணக்கையும் வைக்கிறேன், இல்லாவிட்டால் இந்த மடலுக்கு மரியாதை இல்லை. 1984 டிசம்பர் தொடக்கத்தில் கொக்கிளாயிலும் நாயாற்றிலும் சிங்கள மீனவக் குடும்பங்கள் தமிழ் ஆயுததாரிகளால் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் அதே கரையோரத்துத் தமிழ்க் கிராமங்கள் இராணுவத்தால் வெளியேற்றப்பட்டன. பின்னதை நாங்கள் மறக்கவில்லை. முன்னதை எந்தத் தமிழ்ப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்களைச் சில நாட்களுக்குள் வெளியேறச் சொன்னபோது, எங்கள் மன்னார்த்தீவிலிருந்து அவர்கள் வள்ளம் ஏறியதைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அழுதோம், தண்ணீர் கொடுத்தோம். பீடத்திலிருந்து போதிய சத்தம் வந்ததா என்றால், இல்லை. சாதி பார்த்துக் கூடு தூக்கிய கோயில்கள் யாழ்ப்பாணத்தில் இல்லையா? அதை எழுதத் தொடங்கினால் அது வேறு மடல்.

ஒரு சிங்கள ஆயர் முன்னொரு காலத்தில் வழி காட்டியிருக்கிறார். எங்கள் சபையல்ல, அங்கிலிக்கன் சபை. குருநாகல் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க. 1983 யூலைக் கலவரம் முடிந்து சில வாரங்களில், தன் மறைமாவட்டச் சபைக்கு முன் நின்று, சிங்களவர் இதற்காக வெட்கப்பட வேண்டும், தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த மாதமே, ஒக்டோபர் 23இல், இறந்துபோனார். நாற்பது வருடம் தாண்டியும் அந்தப் பேச்சைத் தமிழ்க் கிறிஸ்தவர் மறக்கவில்லை. தீர்வு எதையும் அவர் கொண்டுவரவில்லை. சரியான இடத்தில் நின்று சரியான சொல்லைச் சொன்னார், அவ்வளவே.

பெந்தெகொஸ்தே நாளை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்குப் பிடித்தது திருத்தூதர் பணிகளில் நாலு அதிகாரம் தள்ளி வருவது. கிரேக்கம் பேசிய கைம்பெண்களுக்கு அன்றாடப் பந்தியில் சரியாகக் கவனிப்பில்லை என்று முறுமுறுப்பு எழுகிறது. "நாமெல்லாம் ஒரே கிறிஸ்துவுக்குள்" என்று திருத்தூதர்கள் அதை அமர்த்தியிருக்கலாம். செய்யவில்லை. முறைப்பாடு உண்மை என்று எடுத்துக்கொண்டு ஏழு பேரைத் தெரிந்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. பெயர்களை வாசித்துப் பாருங்கள். ஏழும் கிரேக்கப் பெயர். யார் பந்தியில் குறைபட்டார்களோ அவர்கள் பக்கத்து ஆட்களின் கையிலேயே அகப்பையைக் கொடுத்துவிட்டார்கள். இதைவிட எளிமையான நிர்வாகப் பாடம் வேதாகமத்தில் இல்லை.

இனி, கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

போர் முடிந்த நாளான மே 18இல் மணி அடியுங்கள் என்றால் அரசியல் என்பார்கள். அதனால் நவம்பர் 2ஐக் கேட்கிறேன். மரித்தோர் நாள்; எல்லாப் பங்கிலும் சேமக்காலைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தும் நாள்; யாரும் புதிதாக அனுமதி எடுக்கத் தேவையில்லை. அன்றைக்குப் பன்னிரண்டு பேராலயங்களிலும் ஒரே நேரம் மணி அடித்து, இரு மொழியிலும் பெயர்களை வாசியுங்கள். கட்டுவப்பிட்டி, கொச்சிக்கடை, சீயோன். 1995 யூலை 9இல் நவாலி பேதுருவானவர் கோயிலில் தஞ்சம் புகுந்து குண்டுக்குப் பலியான நூற்றுக்கு மேற்பட்டோர். 1999 நவம்பரில் மடுக்கோயிலுக்குள்ளேயே எறிகணையில் இறந்த அகதிகள். 1985இல் அநுராதபுரத்தில் புலிகளால் கொல்லப்பட்ட சிங்கள யாத்திரிகர்கள், கொக்கிளாய் மீனவர்கள். காணாமற்போனோரைக் காணாமற்போனோர் என்றே வாசியுங்கள். அவர்களை மரித்தோர் பட்டியலில் சேர்க்கத் தாய்மார் சம்மதிக்க மாட்டார்கள், சம்மதிக்கவும் தேவையில்லை. நவாலிப் பெயர்களை நீர்கொழும்பில் ஒரு சிங்களப் பிள்ளை வாசிக்கட்டும். கட்டுவப்பிட்டிப் பெயர்களை யாழ்ப்பாணத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளை வாசிக்கட்டும். உச்சரிப்புப் பிழைத்தாலும் பரவாயில்லை.

குருமடங்கள். அம்பிட்டியிலும் கொழும்புத்துறையிலுமாகப் பிரிந்து படிக்கும் குருமாணவர்கள், குருப்பட்டத்துக்கு முன் ஒரு முழு வருடம் மற்ற மொழிப் பங்கில் இருக்கட்டும். விருந்தாளியாக அல்ல, நோயாளரைச் சந்தித்து, செத்தவீட்டுக்குப் போய், பிறகு பாவசங்கீர்த்தனம் கேட்கும் அளவுக்கு அந்த மொழி பழகும் வரைக்கும். வாஸ் முனிவருக்கு முடிந்தது, பஸ் ஓடாத காலத்தில்.

அடுத்தது கடல். மேற்கே தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் குழம்பும்போது நீர்கொழும்பு, சிலாபத்து மீனவர் கிழக்கே கொக்கிளாய், நாயாறு, முல்லைத்தீவுக்கு வாடி, அதாவது கரையில் தங்கும் கொட்டில், போடப் போவது தலைமுறை தலைமுறையாக நடப்பது. இப்போது அது கசப்பாகியிருக்கிறது. நிலம் இழந்து திரும்பிய தமிழ் மீனவருக்குக் கரையில் இடம் இல்லை. 2018 ஓகஸ்டில் நாயாற்றில் தமிழ் மீனவரின் வாடிகளும் படகுகளும் வலைகளும் எரிந்தன. கடற்றொழில் திணைக்களமும் நீதிமன்றமும் தங்கள் வேலையைப் பார்க்கட்டும். ஆனால் இரண்டு பக்கமும் வள்ளத்தின் முகப்பில் அந்தோனியார் படம் ஒட்டியிருக்கும் ஆட்கள் நிறையப் பேர். கொழும்பு, சிலாபம், யாழ்ப்பாணம் மூன்று மறைமாவட்டத்தாரும் அந்தக் கரையில் ஒரு வாடிக்குள் பாயில் இருந்து பேசினால், அரசாங்கக் கூட்டத்தில் வராத பேச்சு வரும். பிரசங்கம் வேண்டாம், தேத்தண்ணி போதும். தமிழ்ப் பூசை நேரங்களைப் பற்றி மேலே எழுதிவிட்டேன். மலையகத்துத் தோட்டப் பங்குகளையும் அதோடு சேர்த்துப் பாருங்கள், அவர்களுக்கு வடக்குமில்லை தெற்குமில்லை.

இதெல்லாம் நடக்கக்கூடியதா என்று கேட்பீர்கள். மடுவைப் பாருங்கள். ஒல்லாந்தர் உபத்திரவத்துக்குத் தப்பி, மாந்தையிலிருந்து சனம் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு ஓடிய சொரூபம் அது. 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது மறுபடியும் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்கு ஓடினார்கள். அந்த மாதாவும் அகதிதான். ஆவணித் திருவிழாவுக்குக் காட்டுக்குள் கூடாரம் அடித்தால், பக்கத்துக் கூடாரம் சிலாபத்துக் குடும்பமாக இருக்கும். கிணற்றடியில் வாளி ஒன்று, கயிறு ஒன்று. நாங்கள் மருதமடு அன்னை என்போம், அவர்கள் மடு மேணியோ என்பார்கள். திரும்பும்போது இரண்டு கூட்டமும் பாம்புக்கடிக்கு மருந்தென்று மடுமண்ணைத் துணியில் முடிந்துகொண்டு போகும். என் வீட்டு அலுமாரியிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. 2019இல் அதில் பாதியை அந்த அக்காவிடம் கொடுத்தேன். கட்டுவப்பிட்டிச் சேமக்காலையில் அந்தப் பிள்ளையின் தலைமாட்டில் தூவினார்.

அதற்குப் பிறகு வந்த மே மாதம் பூசைக்கருத்துத் துண்டை அவரே நிரப்பினார், சிங்களத்தில். என் தம்பியின் பெயர், ஊர், எல்லாம். அலுவலகத்தில் இருந்தவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிவைத்தார். பூசையில் குருவானவர் அந்தப் பெயரை வாசித்தபோது எழுத்துப் பிழையாக, வேறு மாதிரி வாசித்தார். நான் திருத்தவில்லை.

உங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் நவம்பர் 2க்கு ஒரு வரி ஒதுக்குங்கள். பதிலைச் சிங்களத்திலோ தமிழிலோ அனுப்பலாம், எங்கள் வீட்டில் இரண்டையும் வாசிக்க ஆள் உண்டு.

தங்கள் ஆசீரை வேண்டி,
மன்னாரில் பிறந்த, நீர்கொழும்பில் பூசை காணும் ஓர் ஆசிரியை